அப்துல் சுக்கூரின் மிலிட்டரி வண்டி

1961 நவம்பர் 21 — டாக்டர் பீஸ் — ரூ. 2.00
1961 டிசம்பர் 28 — ஓட்டுநர் உரிமச் செலவு — ரூ. 8.50
1962 ஜனவரி 17 — அச்சாரம் — ரூ. 51.00
1962 ஜனவரி 24 — மீதி விலை — ரூ. 799.00
1962 பிப்ரவரி 2 — பெயர் மாற்றக் கட்டணம், ஸ்டாம்பு — ரூ. 6.50
1962 பிப்ரவரி 14 — தபால் அட்டை ஒன்று — ரூ. 0.05
1962 மார்ச் 3 — புளி — ரூ. 0.00
1962 மார்ச் 5 — பதிவுத் தபால் — ரூ. 0.70

இவை அப்துல் சுக்கூர் தன் சட்டைப்பை நோட்டில் குறித்து வைத்தவை. புளி வரியை மட்டும் அவர் எழுதவில்லை. அது அவர் செலவல்ல என்று விட்டுவிட்டார். விட்டுப்போகக் கூடாது என்பதால் நான் சேர்த்திருக்கிறேன்.

அப்துல் சுக்கூருக்குத் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ஒரு கதவு, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ஒயர்கள். அதற்கு எதிர் வீட்டில் நான் 1954 முதல் குடியிருந்தேன். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் வேலை எனக்கு. அதனால் அக்கம் பக்கத்தில் யாருக்கு மனு எழுதவேண்டி வந்தாலும் என்னிடம் வருவார்கள். சுக்கூருக்கு நான் எழுதிக் கொடுத்தவற்றின் நகல்கள் இன்றும் என்னிடம் உள்ளன. கீழே வரும் தேதிகள் அவற்றைப் பார்த்து எழுதியவை.

கடை வருமானம் அவருக்குப் போதாது. அவர் பிழைப்பு ஊராட்சி ரேடியோக்களில் இருந்தது. அந்தக் காலத்தில் கிராமங்களில் ஊராட்சி மன்றக் கட்டடத்தில் ஒரு ரேடியோ இருக்கும். சாயங்காலம் ஊரே அதன் முன்னால் உட்காரும். மின்சாரம் வராத ஊர்களில் அது பேட்டரியில் பேசும். பேட்டரி ஒவ்வொன்றும் செங்கல் கனம். தாடிக்கொம்பு பக்கம், செம்பட்டி பக்கம் என்று இருபத்திரண்டு ஊர் ரேடியோக்களை ஒன்றிய அலுவலகத்துக்காக அவர் பராமரித்து வந்தார். ஊராட்சித் தலைவரிடமிருந்து தபால் அட்டை வரும்: "எங்கள் ஊர் ரேடியோ மூன்று நாளாகப் பேசவில்லை." மறுநாள் சுக்கூர் இரண்டு பேட்டரிகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்படுவார். பாதி ஊர்களில் பேட்டரி தீர்ந்திருக்கும். மீதியில் குளவி கூடு கட்டியிருக்கும், அல்லது எலி ஒயரைக் கடித்திருக்கும்.

பத்து வருஷம் இப்படி மிதித்தார். 1961 நவம்பரில் அடிவயிற்றில் வலி வந்து டாக்டரிடம் போனார். குடல் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். "இனிமே பாரத்தை ஏத்திக்கிட்டுச் சைக்கிள் மிதிச்சா, அடுத்த தடவ ஆபரேசன் மேசையிலதான் பாக்கணும்" என்றாராம்.

அடுத்த மாதமே ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதை அவருக்கு வாசித்துச் சொன்னவன் நான். 1962 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குப் புதிய ஒப்பந்தம். பழுது என்று தகவல் வந்தால் ஒரு நாளுக்குள் ஆள் போய் நிற்கவேண்டும். ஆகவே ஒப்பந்தக்காரர் பெயரிலேயே ஒரு மோட்டார் வாகனம் இருக்கவேண்டும். அதன் பதிவுப் புத்தகத்தை மார்ச் 31 பகல் ஒரு மணிக்குள் கொண்டுவந்து காட்டவேண்டும். தவறினால் வேலை மதுரையிலிருந்து வரும் ஒரு கம்பெனிக்குப் போகும். அவர்களிடம் வேன் இருந்தது.

சைக்கிளும் போயிற்று, சைக்கிளால் செய்யும் வேலையும் போகும் என்ற நிலை. சுக்கூருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. மூன்று பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது.

"மோட்டார் சைக்கிள் வாங்கப் போறேன்" என்று அவர் சொன்னபோது அவர் மனைவி சைனம்பு கடை வாசலில் நின்றிருந்தார்.

"ஆட்டுக்கல்லை நவுத்தச் சொன்னா ரெண்டு நாளு யோசிக்கிறீங்க. நீங்க மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்துவீங்களாக்கும்?"

"அதத் தூக்க வேணாம் சைனம்பு. அதுதான் நம்மளத் தூக்கிட்டுப் போகும்."

"எங்க தூக்கிட்டுப் போகும்னுதான் கேக்குறேன்."

ஒரு சிநேகிதரின் வண்டியில் பழகி டிசம்பர் 28-இல் உரிமம் வாங்கினார். புது வண்டி வாங்க வசதியில்லை. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், செம்பட்டியில் ஒச்சப்பன் என்பவரிடம் ஒரு மிலிட்டரி வண்டி விலைக்கு இருப்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தார்.

ஒச்சப்பன் யுத்த காலத்தில் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். யுத்தம் முடிந்தபின் ராணுவம் கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலத்தில் விற்றார்கள். அவற்றில் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை 1948-இல் எடுத்து, மதுரையில் பதிவு செய்து, எம்.டி.யு. 2917 என்று நம்பர் போட்டு, பதினான்கு வருஷமாக ஓட்டி வந்தார். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் விற்க வந்தார். வண்டி பச்சை நிறம். முன்விளக்கின் மேல் ஒரு பள்ளம். மற்றபடி சுத்தம்.

ஜனவரி 24, புதன்கிழமை, மீதி விலையைக் கொடுத்து வண்டியை எடுக்கப் போனபோது சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். ஒச்சப்பன் அரை மணி நேரம் பாடம் நடத்தினார்.

"பாய், இந்தா இடது கையில இருக்கு பாருங்க சின்ன லீவரு, இதப் பின்னுக்குத் தள்ளிட்டுத்தான் கிக்கரை மிதிக்கணும். மறந்தீகன்னா திருப்பி ஒதைக்கும். எங்க மச்சினன் ஒரு தடவ மறந்தான். வேலிக்கு அங்கிட்டு விழுந்து கெடந்தான்."

"அவருக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கான். வண்டிப் பக்கம் வர்றதில்ல."

ஒச்சப்பனின் மனைவி ராமுத்தாய் இரண்டு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். பிறகு சுக்கூரிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். சொன்னது இதுதான்; அன்று மாலையே நான் குறித்து வைத்தேன்.

"பாய், தப்பா நெனக்காதீக. என்சினுல நான் வச்ச பொட்டு இருக்கு. அத மட்டும் அழிச்சிராதீக. எட்டுக் கெரகம் ஒண்ணு சேருதாம், ஒலகமே அழியப் போகுதுன்னு பேசிக்கிறாக. இந்த நேரத்துல சாமி பொட்டை அழிச்சா வண்டிக்கும் ஆகாது, ஓட்டுற ஒங்களுக்கும் ஆகாது."

என்ஜினின் இடது பக்கம், சிலிண்டருக்குக் கீழே, கட்டை விரல் அகலத்தில் ஒரு வழவழப்பான இடம் உண்டு. வண்டியில் பொட்டு வைக்கத் தோதாக இருந்த இடம் அது ஒன்றுதான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ராமுத்தாய் அங்கே சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்திருக்கிறார்.

"அக்கா, என் கையால அழிக்க மாட்டேன்" என்றார் சுக்கூர். லீவரைப் பின்னுக்குத் தள்ளி, பிஸ்மில்லா சொல்லி மிதித்தார். மூன்றாவது மிதியில் வண்டி பேசியது. எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கின. செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் ஒன்பது மைல். அவர் வண்டியில் வந்தார். நான் பஸ்ஸில் வந்தேன்.

பெயர் மாற்றத்துக்கு வண்டியை மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரிடம் காட்டவேண்டும். அவர் வெள்ளிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு முகாம் வருவார். பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை காலை, சுக்கூர் வண்டியைக் கொண்டு நிறுத்தினார். கிரகங்கள் கூடும் என்று சொன்ன நாளுக்கு முந்தின நாள் அது. முகாமில் கூட்டமே இல்லை. ஊரில் பாதிப் பேர் வெளியே கிளம்பாமல் வீட்டில் இருந்தார்கள்.

வண்டியின் சட்டத்தில் ஒரு நம்பர், என்ஜினில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். அவற்றின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் விழும். அதைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். சட்டத்து நம்பர் சரியாக இருந்தது. என்ஜின் நம்பர் பொட்டு இருந்த அந்த வழவழப்பான இடத்தில்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் துணியால் குங்குமத்தைத் துடைத்தார். அடியில் கறுப்பாக, எண்ணெய் ஏறி, இரும்போடு இரும்பாக எதுவோ தெரிந்தது.

"அய்யா, தொடைச்சுக்கங்க, சுரண்டாதீங்க" என்றார் சுக்கூர். "வித்தவங்க வீட்டுல சாமிக்கு வச்ச பொட்டு. அழிக்கறதில்லன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் கையை எடுத்துவிட்டார். "நானும் சுரண்ட மாட்டேம்பா. நாளைக்கு எட்டுக் கிரகம் சேருது. நானும் புள்ளகுட்டிக்காரன்." தாளை வைத்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்.

உலகம் அழியவில்லை. பிப்ரவரி 6-ஆம் தேதி பஸ்ஸில் மறுபடி கூட்டம் வந்தது. அந்த வாரம் நோன்பு தொடங்கியது. பிப்ரவரி 12, திங்கட்கிழமை, மதுரை வண்டிப் பதிவு அலுவலகத்திலிருந்து சுக்கூருக்கு நோட்டீஸ் வந்தது.

பதிவுப் புத்தகத்தில் என்ஜின் நம்பர் 61728. வண்டியிலிருந்து எடுத்த தாளில் 61723. எனவே இந்த என்ஜின் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. மார்ச் 14-ஆம் தேதிக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் பெயர் மாற்றம் மறுக்கப்படும். விஷயம் போலீசுக்கு அனுப்பப்படும்.

நான் வாசித்து முடித்ததும் சுக்கூர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரைட்டர் சார், இது திருட்டு வண்டியா?"

"அப்படி எழுதவில்லை" என்றேன்.

"ஆனா அதுதானே அர்த்தம்."

அவர் வண்டியைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். சைனம்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று சுக்கூர் பின்னால் சொன்னார்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். பிப்ரவரி 14-இல் ஒச்சப்பனுக்குப் போட்ட அட்டையை எழுதியது நான். "தாங்கள் விற்ற வண்டியில் வேறு வண்டியின் என்ஜின் இருப்பதாகத் தெரியவருகிறது" என்று எழுதினேன். நோட்டீஸில் இருந்ததைத்தான் எழுதினேன். ஆனால் அட்டையை வழியில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். செம்பட்டித் தபால்காரர் வாசித்தார். டீக்கடையில் நாலு பேர் வாசித்தார்கள். கடைசியாக ஒச்சப்பன் வாசித்தார். 19-ஆம் தேதி பதில் வந்தது. "வண்டியை விற்றாயிற்று. மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை." கையெழுத்து இல்லை.

சுக்கூர் மதுரை அலுவலகத்துக்குப் போனார். தேர்தல் நேரம். பார்க்கவேண்டியவர்கள் எல்லாரும் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார்கள். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். இதற்கிடையில் மதுரைக் கம்பெனி ஆள் ஒருவர் பேண்ட் போட்டுக்கொண்டு வேனில் வந்து, தாடிக்கொம்பு ரேடியோவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தகவல் வந்தது. சுக்கூர் அன்று நோன்பு திறக்கக் கஞ்சி முன்னால் உட்கார்ந்து, குடிக்காமல் எழுந்துவிட்டார்.

மார்ச் 3, சனிக்கிழமை காலை, அவர் வண்டி மேலிருந்த சாக்கை எடுத்தார்.

"செம்பட்டிக்குப் போறேன். அடிச்சாலும் சரி, அவரு வாயால கேட்டுட்டு வாரேன்."

"நானும் வருகிறேன்" என்றேன். அட்டை என்னுடையது என்பதால் அது என் கடமை. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் எதிரே வந்தார். சுக்கூரின் முதுகு விறைத்தது. போலீஸ்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒச்சப்பன் வாசலில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கலந்தார்.

"போலீசோட வருவீகன்னு பாத்தேன். ரைட்டரோட வந்திருக்கீக."

"அண்ணே, சண்டைக்கு வரல. நம்பரு ஒண்ணு இடிக்குது."

"இடிக்குதாம்ல! பதினாலு வருசம் ஓட்டுனேன். ஒரு போல்ட்டு மாத்துனதில்ல. உங்க கைக்கு வந்து நாப்பது நாளுல என்சினு மாறிப்போச்சு. யாரு மாத்துனா?"

நாற்பது என்று அவர் சொன்னது கணக்கில் முப்பத்தெட்டு.

"நான் ரேடியோக்காரண்ணே. எனக்கு என்சினைக் கழட்டத் தெரிஞ்சிருந்தா ஒங்ககிட்ட எதுக்கு வந்து நிக்கிறேன்?"

"அப்ப யாரு, நானா? இந்த ஊருல டீக்கடைக்குப் போக முடியல. 'என்னா ஒச்சப்பா, லாரி என்சினு ஏதாச்சும் இருக்கா வெலைக்கு'ன்னு கேக்குறான். அட்டையில எழுதி அனுப்புறீக. ஒரு கவரு வாங்கக் காசு இல்லையா?"

"அட்டையை எழுதியது நான்" என்றேன்.

"தெரியுமே. எழுத்து அழகா இருந்துச்சு" என்றார் ஒச்சப்பன்.

அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து 1948-ஆம் வருஷத்து ஏலச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் என்ஜின் நம்பர் 61728. ஏலச் சீட்டில் எட்டு, பதிவுப் புத்தகத்தில் எட்டு, வண்டியில் மட்டும் மூன்று. ஒச்சப்பன் சுக்கூரைப் பார்த்தார். சுக்கூர் ஒச்சப்பனைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

சத்தம் கேட்டு ராமுத்தாய் கை ஈரத்தோடு வெளியே வந்தார். எங்களை விட்டுவிட்டு நேரே வண்டியிடம் போனார். விற்ற மாடு திரும்பி வந்தால் பார்ப்பதுபோல் சுற்றிப் பார்த்தார். இடது பக்கம் குனிந்தார்.

"ஏன் பாய், வண்டியத் தொடைக்கிறதே இல்லையா?"

"தெனம் தொடைக்கிறேங்க்கா. அந்த எடத்தை மட்டும் விட்டுட்டுத் தொடைக்கிறேன்."

"எந்த எடத்தை?"

"நீங்க வச்ச பொட்டு. அழிக்கக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல."

ராமுத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அடக் கொடுமையே! கெரகம் சேர்ற அந்த நாலு நாளைக்குல்ல சொன்னேன்! அது முடிஞ்சு ஒரு மாசமாச்சே. அதுக்குன்னு இப்பிடியா அழுக்கோட வச்சிருப்பாக? பிசுக்குப் புடிச்சு மலையாட்டம் இருக்கு."

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. "அம்மா, புதுப் பொட்டு வைக்கும்போது பழசை வழித்துவிட்டு வைப்பீர்களா?"

"எங்கிட்டு வழிக்க விட்டாக இவுக? தண்ணி பட்டா என்சினு கெட்டுப்போகும், ஈரக்கையோட தொடாதேம்பாக. பழசு மேலயே வருசா வருசம் அப்பிட்டு வருவேன்."

பதினான்கு ஆயுத பூஜைகள். பதினான்கு முறை அரைத்த சந்தனம். என்ஜின் சூட்டில் வெந்து, எண்ணெய் குடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக இறுகியிருக்கிறது. ஒச்சப்பன் தகரப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஏய், புளி எடுத்தா" என்றார்.

"நீங்க சொல்லித்தானாக்கும்" என்று ராமுத்தாய் உள்ளே போனார். பித்தளைக் குடம் விளக்கும் புளி, கொஞ்சம் உப்பு, தேங்காய் நார், ஒரு சொம்பு வெந்நீர். என்ஜின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெந்நீரை விட்டுப் புளியை அப்பி, செத்த நேரம் ஊறவிட்டார்.

"தண்ணி மேல போகாம பாத்துக்க. பிளக்குல பட்ரும்" என்றார் ஒச்சப்பன்.

"வித்த வண்டி. பேசாம நில்லுங்க."

தேய்த்தார். முதலில் கறுப்பாகத் தண்ணீர் வந்தது. பிறகு மஞ்சளாக வந்தது. பிறகு காரை பெயர்வது போல ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். ஒரு பைசா நாணயத்தின் கனம் இருந்தது. இன்னும் சந்தன வாசனை இருந்தது.

பொட்டு ஏறியிருந்தது கடைசி எண்ணின் மேல்தான். அந்த மூன்றின் இடது பக்கம் மெல்லத் திறந்தது. முதலில் மேல் வளைவு, பிறகு கீழ் வளைவு. ராமுத்தாய் முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு நகர்ந்தார்.

61728.

நான் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எட்டு. இன்னொரு தாளில் தேய்த்தேன். எட்டு. மூன்றாவது தாளும் எட்டு. அந்த மூன்று தாள்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது.

சுக்கூர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு முறை சொன்னார். பிறகு கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஒச்சப்பன் பக்கத்தில் போனார். கையை எடுத்தால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இத அழிக்கக் கூடாதுன்னு அந்த இன்ஸ்பெக்டரு கையைப் புடிச்சவனே நாந்தாண்ணே! கெரகத்துக்குப் பயந்து அவரும் சுரண்டல!"

ஒச்சப்பன் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. மாடு மிரளும்படி சிரித்தார். "நான் தண்ணி படக் கூடாதுன்னேன். இவ அழிக்கக் கூடாதுன்னா. நீரு தொட மாட்டேன்னீரு. அந்தாளு சுரண்ட மாட்டேன்னான். ஆளாளுக்கு நல்லவனா இருந்து வண்டியத் திருட்டு வண்டி ஆக்கிட்டமே மாப்ள!"

அதுவரை பாய் என்று அழைத்தவர், அன்று முதல் மாப்ள என்றுதான் அழைத்தார். முஸ்லிம்களை அப்படி முறை வைத்து அழைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் வண்டி விற்ற அன்று அவர் அப்படி அழைக்கவில்லை என்பதைக் குறித்திருக்கிறேன்.

ராமுத்தாய் சாப்பிடச் சொன்னார். "நோன்புக்கா" என்றார் சுக்கூர். எனக்கு மோர் கொடுத்துவிட்டு, அவருக்கு அவித்த நிலக்கடலையும் இரண்டு தேங்காயும் ஒரு பையில் போட்டுக் கட்டினார். பிறகு பொட்டில்லாமல் நின்ற வண்டியைப் பார்த்தார். கேட்க நினைக்கிறார், கேட்கவில்லை.

"வச்சு விடுங்கக்கா" என்றார் சுக்கூர். "ஆனா நம்பரு இல்லாத எடமாப் பாத்து."

முன் மட்கார்டில் வைத்தார். எல்லாரும் குனிந்து அங்கே எந்த எழுத்தும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டோம்.

ஒச்சப்பன் சொல்லச் சொல்ல அங்கேயே ஒரு வாக்குமூலம் எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். அதையும், ஏலச் சீட்டின் நகலையும், பென்சில் தாளையும் வைத்து மார்ச் 5-ஆம் தேதி மதுரைக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். கவரில்தான்.

மார்ச் 8-இல் பெருநாள். மறுநாள் வெள்ளிக்கிழமை முகாமுக்குச் சுக்கூர் வண்டியைக் கொண்டுபோனார். இன்ஸ்பெக்டர் தாளை வைத்துத் தேய்த்தார். எட்டு விழுந்ததைப் பார்த்து, தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தார். விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"கிரகம் நம்மள ஒண்ணும் பண்ணலன்னு பாத்தேன். இங்கனதான் வேலையக் காட்டியிருக்கு. போங்க பாய், புத்தகம் தபால்ல வரும்."

எப்போது வரும் என்று அவர் சொல்லவில்லை. மார்ச் 31-க்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

சுக்கூர் தினமும் காலையில் தபால் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். எங்கள் தெருத் தபால்காரர் ஆரோக்கியதாஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இவர் அங்கே இருப்பார். இருபதாம் தேதி வரை வரவில்லை. இருபத்தைந்து ஆயிற்று. 28-ஆம் தேதி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், வண்டியையே வாசலில் நிறுத்திக் காட்டினார். எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு. புக்கு எங்க?" என்றார். 29-ஆம் தேதி இரண்டு ஊர்களிலிருந்து அட்டை வந்தது, ரேடியோ பேசவில்லை என்று. அந்த அட்டைகளை அவர் பெஞ்சின் மேல் வைத்து, இனி அவை தனக்கு வரவேண்டிய அட்டைகளா இல்லையா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் குளிக்கவேண்டும் என்று அவர் தபால் ஆபீஸுக்குப் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பும் இருந்திருக்கும். எனக்கு அன்று பல்வலி. அரை நாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். ஆரோக்கியதாஸ் சைக்கிள் மணியை அடித்தபடி தெருமுனையிலேயே குரல் கொடுத்தார்.

"பாய்! மூணு வாரமா எனக்கு முன்னாடி ஆபீசுல வந்து நிப்பீக. வேண்டிய அன்னைக்கு ஆளக் காணமே! வந்து கையெழுத்தப் போடுங்க."

சுக்கூர் தலையில் எண்ணெயோடு ஓடி வந்தார். கையெழுத்துப் போட்ட இடத்திலும் உறையிலும் எண்ணெய்க் கறை விழுந்தது. உறையைக் கிழிக்க அவருக்குக் கை வரவில்லை. சைனம்பு வாங்கிக் கிழித்தார். உள்ளே பதிவுப் புத்தகம். கூடவே ஒரு வரிக் கடிதம்: விளக்கம் ஏற்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது. நான் வாங்கி உரக்க வாசித்தேன்.

"பேரைச் சரியா எழுதிருக்காகளான்னு பாருங்கண்ணே" என்றார் சைனம்பு.

"சரியாக இருக்கிறது. என்ஜின் நம்பரும் சரியாக இருக்கிறது."

சைனம்பு கணவனைப் பார்த்தார். "அப்ப என்ன, நின்னுக்கிட்டே இருக்கீங்க? கெளம்புங்க. லீவரைப் பின்னுக்குத் தள்ளிட்டு மிதிங்க."

தலையைக்கூடத் துடைக்காமல் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து நேரே திரும்பி, குளித்து, ஜும்ஆ தொழுகைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் அந்த இரண்டு ஊர் ரேடியோக்களும் பேசின.

அந்த வண்டியில் அவர் ஏழரை வருஷம் ஓடினார். இருபத்திரண்டு ஊர் முப்பத்தொன்று ஆயிற்று. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வண்டியைச் செம்பட்டிக்கு அவரே கொண்டுபோவார். ராமுத்தாய் புளி போட்டுக் கழுவி, மட்கார்டில் பொட்டு வைத்து அனுப்புவார். 1962 முதல் 1968 வரை ஏழு முறை. 1969 செப்டம்பரில், ஊருக்கு ஊர் டிரான்சிஸ்டர் வந்து வேலை குறைந்தபோது, வண்டியைத் தேனிக்காரர் ஒருவருக்கு விற்றார். வாங்க வந்தவரிடம் முதலில் என்ஜின் நம்பரைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசினார்.

வண்டியோடு பதிவுப் புத்தகமும் போய்விட்டது. அது வந்த உறையை மட்டும் அவர் கொடுக்கவில்லை. எண்ணெய்க் கறையோடு என்னிடம் தந்து, உங்க காகிதங்களோடு வைங்க என்றார். பின்புறத்தில் அவர் கையெழுத்தில் ஒரே வரி இருக்கிறது: வந்தது 30–3–1962, வெள்ளி, காலை 11.20.